ஸ்டியரிங் ஒயில் ஒழுகும் லொறி: நாமக்கல்லிலும் வன்னியிலும்

பழைய லொறியில் பவர் ஸ்டியரிங் ஒயில் சொட்டினால், சொட்டும் இடத்தை யாரும் காட்டிவிடுவார்கள். அது எங்கிருந்து கிளம்புகிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது. ஓடும் வண்டியில் காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளும். மேலே ஹோஸ் கிளிப்பில் கசிவது ஸ்டியரிங் பொக்ஸின் அடியில் வந்து சொட்டும். பொக்ஸ்தான் போய்விட்டது என்று கழற்றினால் ஒரு நாள் வீண்.

இதைத் தேடுவதில் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புக்கும் இலங்கையில் வன்னியிலுள்ள எங்கள் கராஜுக்கும் வித்தியாசம் உண்டு. கைத்திறனில் இரண்டும் குறைந்தவை அல்ல. உதிரிப்பாகக் கடை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதே வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

நாமக்கல்லும் சங்ககிரியும் லொறியை நம்பி வாழும் ஊர்கள். லேலண்டோ டாடாவோ, சீல் கிட் கேட்டால் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். லோடு காத்து நிற்கும், தவணை கட்ட வேண்டும். பொக்ஸை இறக்கி, கிட்டை மாற்றி, வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறும் வண்டிக்கு ஸ்டியரிங் இறுகிப்போனால் என்ன நடக்கும் என்று நினைத்தால், இந்த வேகத்தின் அருமை புரியும். ஆனால் கிட் சுலபமாகக் கிடைப்பதாலேயே காரணம் தேடாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. புதுச் சீல் போட்டும் மறுபடி ஒழுகினால் சீல்தான் மட்டம் என்பார்கள். பெரும்பாலும் குற்றம் தண்டில் இருக்கும். ட்ரொப் ஆர்ம் மாட்டும் செக்டர் ஷாஃப்டைத் துடைத்துவிட்டு நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை புதுச் சீல் உட்கார்ந்தாலும் ஒழுகத்தான் செய்யும்.

இலங்கையில் லேலண்டோடும் டாடாவோடும், ஜப்பானில் பாவித்து வந்த இசுசு எல்ஃபும் மிட்சுபிஷி கேன்டரும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 டொலர் நெருக்கடியில் உதிரிப்பாக விலை எகிறியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த பொக்ஸ் அகப்பட்டாலும், அதற்குள் இருக்கும் சீலும் கிழட்டுச் சீல்தான். ஆகவே இங்கே மெக்கானிக் முதலில் கசிவு எங்கிருந்து என்று பார்த்தாக வேண்டும். "கழுவிப்போட்டுக் கொண்டு வாங்கோ, பிறகு பாப்பம்" என்பதுதான் வன்னிக் கராஜில் முதற் பேச்சு.

டீசலால் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் பவுடர் தூவுவார்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புவார். முழுத் திருப்பத்தில் ஓரிரு விநாடிக்கு மேல் பிடிக்கக்கூடாது, அழுத்தம் அங்கேதான் உச்சத்துக்குப் போகும். அப்போது பவுடரில் முதலில் நனையும் இடமே ஊற்று. பிரஷர் ஹோஸை மட்டும் விரலால் தடவவே கூடாது. 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் பீச்சும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

பள்ளம் விழுந்த தண்டுக்குப் புதுத் தண்டு கிடைக்காதபோது, இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீற்றர் தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்கிறார்கள். அல்லது லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றுகிறார்கள். உள்ளே பெயரிங் தேய்ந்து தண்டு ஆடினால் இரண்டும் பயனில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில், உதிரிப்பாகமும் பெற்றோலும் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய யாழ்ப்பாணத்தின் பழக்கம் இந்த வேலையில் இன்னும் தெரிகிறது என்றே நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் குறையும் சின்னதல்ல. சீல் கிடைக்கும்வரை ஒயில் ஊற்றி ஊற்றி ஓட்டுவார்கள். அவசரத்துக்குப் பிரேக் ஒயிலை ஊற்றினால் நல்லாயிருந்த சீல்களும் ஊதிக் கெட்டுப்போகும்.

இரண்டு ஊரிலும் தவறவிடப்படும் ஒழுக்கு ஒன்று உண்டு. பெரிய லொறிகள் பலவற்றில் ஸ்டியரிங் பம்பை எஞ்சின் கியரே சுற்றும். பம்பின் தண்டுச் சீல் போனால் ஒயில் வெளியே வராமல் எஞ்சினுக்குள் இறங்கும். ஸ்டியரிங் ஒயில் தாங்கியில் மட்டம் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை என்றால் எஞ்சின் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் ஸ்டியரிங் பொக்ஸைத் தொடத் தேவையில்லை. பம்பைக் கழற்றுங்கள், எஞ்சின் ஒயிலையும் மாற்றுங்கள்.