யாருக்குத் திறந்த கதவு?

சென்னையில் பெண்கல்வியின் கதையைச் சொல்பவர்கள் எத்தனை பெண்கள் படித்தார்கள் என்று எண்ணுகிறார்கள். எந்தப் பெண்கள் என்று கேட்பவர் குறைவு. சிறிய, மாற்றுப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் வாதம்.

சகோதரி சுப்பலட்சுமி குழந்தை விதவை. 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றார், அடுத்த ஆண்டே சாரதா இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் ஐஸ் ஹவுஸில் விடுதி நடந்தது. தலை மழிக்கப்பட்டு அடுக்களையில் முடங்கியிருக்க வேண்டிய சிறுமிகள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். பதினெட்டு வயதைக் கடந்த விதவைகளுக்கு அங்கே இடமில்லை என்றானபோது, 1927இல் அவர்களுக்காகச் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார்.

ஆனால் ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கானது. ஆசாரம் காக்காவிட்டால் குடும்பங்கள் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது வழக்கமான சமாதானம். அதில் உண்மை உண்டு. அந்த உண்மைக்கு விலை கொடுத்தவர்கள் மற்ற சாதிப் பெண்கள்.

1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்கு நகரத்து விடுதிகள் இடம் மறுத்தன. முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டார். ஔவை இல்லம் அப்படிப் பிறந்தது. அதற்கும் முன்பே, 1894இல், ஆல்காட் அடையாறில் தலித் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்திருந்தார். ஒவ்வொரு சிறிய பள்ளியின் பதிவேட்டையும் மற்ற பள்ளிகள் அடைத்த கதவுகளே எழுதின.

இன்றைய மாற்றுப் பள்ளிகள் சாதி கேட்பதில்லை. கட்டணம் கேட்கின்றன; பெற்றோரை நேர்காணலுக்கு அழைக்கின்றன. வகுப்பில் இருபது பேர்தான் என்ற பெருமையை யாரோ மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அசோக் நகரில் வீட்டு வேலை செய்யும் அம்மாவின் மகளுக்கு அரசுப் பெண்கள் பள்ளி இருக்கிறது. சிறிய வகுப்பறை இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடத்தை ஒதுக்கச் சொல்கிறது. அதுவும் நுழைவு வகுப்பில். எட்டாம் வகுப்போடு அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பதினான்கு வயது என்பது வீட்டில் மகனின் படிப்பா, மகளின் படிப்பா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது. கட்டணச் சீட்டு சரியாக அப்போது வந்து சேர்கிறது.

ஆகவே ஒரு பள்ளி தன்னை மாற்றுப் பள்ளி என்று சொன்னால், அதன் பாடத்திட்டத்தை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். இலவச இடத்தில் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள்? முதலில் அந்தப் பதிவேட்டைக் காட்டட்டும்.