விகுதியில் நிற்கிற மரியாதை

எம்.ஏ. தமிழில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த நன்னூலைத் திரும்பப் படிக்கிறேன். தொல்காப்பியர் தனி விகுதி இல்லை என்று விட்டவர்களை, பவணந்தி நின்று பார்க்கிறார். பெண்மை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். அதாவது உடம்பைக் கேட்கவில்லை, விருப்பத்தைக் கேட்கிறார். 2014இல் உச்சநீதிமன்றம் அவரவர் பாலை அவரவரே தீர்மானிக்கலாம் என்றதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அதே நூற்பாவின் கடைசியில், இவ்விருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று முடிக்கிறார். முன்பாதியை மட்டும் சொல்லித் தமிழ்ப்பெருமை பேசினால் போதுமா?

அந்த அஃறிணைதான் இன்றைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் திருநங்கையைக் கண்டால் 'அது வருது பாரு' என்கிறது.

இது நமக்குப் புரியாததா? தறி முதலாளி வீட்டுப் பொடியன் நம்ம தாத்தாவை 'வாடா, போடா' என்றபோது வயிறு எரிந்ததே! 'அவர்' என்ற ஒரு சொல்லுக்கும் சேர்த்துத்தானே இத்தனை போராட்டம்? அப்புறம் நம்ம தெருவிலேயே 'ஒம்போது' என்று சிரிப்பது என்ன நியாயம்?

நாளைக்கு நம் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என்னை 'அவள்' என்று சொல்லுங்கள் என்றால், அப்படியே சொல்வோம். தெரியாவிட்டால் கேட்போம். கேட்பதில் நமக்கு ஒரு குறைச்சலும் இல்லை.