மாணவரின் மௌனம்: இப்னு கல்தூனின் கல்வித் திறனாய்வு

கி.பி. 1377இல் இப்னு கல்தூன் எழுதிய ‘முகத்திமா’வின் ஆறாம் இயல் கல்வியை ஆராய்கிறது. மாணவர் மதரசாவில் தங்கிப் பயிலும் காலம் துனிசில் 5 ஆண்டு. மொராக்கோவிலோ 16 ஆண்டு. இந்நீட்சிக்குக் காரணம் அறிவுக்குறை அன்று. மாணவர் வாய்திறவாது மனனம் செய்யும் கற்பித்தல் முறையே என்பது அவர் முடிபு. சொல்லாடலும் விவாதமுமே ‘மலகா’ எனும் கைவந்த புலமைக்கு எளிய வழி என்கிறார். பாடம் கேட்டலில் வினாவுக்கும் விடைக்கும் இடமளித்த நன்னூலைக் கற்றோர்க்கு இக்கருத்துப் புதிதன்று.

எனினும் அவர் தயங்கிய இடமும் உண்டு. மொழி, கவிதை, கணக்கு ஆகியவற்றின் பின்னரே சிறுவர்க்குக் குர்ஆன் கற்பிக்கலாம் என்ற அபூபக்கர் இப்னுல் அரபியின் திட்டத்தைப் பாராட்டுகிறார். ஆயின் வழக்கம் இடந்தராது என ஒதுக்குகிறார். வளர்ந்தபின் பிள்ளை கல்வியைக் கைவிட்டால் குர்ஆனையும் இழப்பானே என்ற பெற்றோரின் அச்சத்தை அவர் உணர்ந்திருந்தார்.

1977இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் கல்வி மாநாடு அறிவை அருளப்பட்டது, ஈட்டப்பட்டது எனப் பகுத்தது. 1983இல் மலேசியாவில் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் எழுந்தது. அறிவைப் பகுப்பது பாடத்திட்டத்தைச் சீராக்கும். வகுப்பறை மௌனத்தைக் கலைக்காது. வினவும் உரிமை மாணவனுக்கு வாய்க்கும்வரை இப்னு கல்தூனின் குற்றச்சாட்டு நிலைத்தே நிற்கும்.