நினைவில் தொடரும் நாடகப் பயணம்: கிட்டப்பா – சுந்தராம்பாள் குறித்த ரசிகர் நினைவுரைகளின் கதைவடிவம்

ஆய்வுச் சுருக்கம்

எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பயணங்கள் 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் தமிழகத்திலும் இலங்கையிலும் நிகழ்ந்தன. அவற்றின் மேடை நிகழ்வுகள் முழுமையாகப் பதிவாகவில்லை. இசைத்தட்டுகளும் கடிதங்களும் ரசிகர்களின் நினைவுகளுமே எஞ்சியுள்ளன. அந்நினைவுகள் அவ்விருவரும் நடித்த கதைகளின் வடிவிலேயே சொல்லப்படுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. முதற்சந்திப்பு வள்ளி திருமணத்தின் வடிவிலும், பிற்கால வாழ்வு ஔவையார் கதையின் வடிவிலும் அமைகின்றன. இவ்வடிவங்கள் சுந்தராம்பாள் என்னும் தொழில்முறைக் கலைஞரை எவ்வாறு மறைக்கின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இசை நாடகம், ஸ்பெஷல் நாடகம், ரசிகர் நினைவு, வள்ளி திருமணம், இசைத்தட்டு, கே.பி. சுந்தராம்பாள்.

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் பனுவல்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலிடம் தந்துள்ளனர். இசை நாடகத்தைப் பொறுத்தவரை அப்பார்வை போதாது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பனுவல் ஒன்றே பல நூறு மேடைகளில் நடிக்கப்பட்டது. ஓர் இரவின் ஆட்டத்தை மற்றோர் இரவின் ஆட்டத்திலிருந்து வேறுபடுத்தியது நடிகரின் குரலும் சமயோசிதமுமே. அவை இரண்டும் பனுவலில் இல்லை. கேட்டவர் நினைவில்தான் உள்ளன. ஆகவே ரசிகர் நினைவை வெறும் புகழுரை என ஒதுக்காமல் ஒரு சான்றுவகையாகக் கொள்வது இன்றியமையாதது. எனினும் சான்று என ஏற்பதற்குமுன் அது எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய வேண்டும்.

சு. தியடோர் பாஸ்கரன் நாடகத்திற்கும் தேசிய இயக்கத்திற்கும் இருந்த உறவை ஆராய்ந்தார். ஸ்டீபன் ஹியூஸ் நாடகம், கிராமபோன், தொடக்ககாலத் தமிழ்த் திரைப்படம் ஆகியவற்றின் பிணைப்பை விளக்கினார். சூசன் சைசர் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், சுமந்த சமூக இழிவை ஆய்வு செய்தார். இவ்வாய்வுகள் அமைத்த தளத்தில் நின்று, கேட்டவர்களின் நினைவு கொள்ளும் கதைவடிவத்தைத் தனியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயணத்தின் அமைப்பு

நாடகக் கம்பெனி என்பது ஆசிரியர், நடிகர், பக்கவாத்தியம், திரைச்சீலை அனைத்தும் ஒன்றாகப் பெயரும் அமைப்பு. ஸ்பெஷல் நாடகம் அவ்வாறன்று. வெவ்வேறு ஊர்களில் வாழும் நடிகர்கள் ஓரிரவுக்கெனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, நாடகம் நிகழும் ஊரில் ஒன்றுகூடினர். ஒத்திகை இல்லை. அனைவருக்கும் பொதுவான பனுவலும் மரபும் இருந்தமையால் இது இயன்றது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் தெருக்கூத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். கூத்து ஜமா ஒரு குழுவாகவே ஊர் ஊராகச் செல்கிறது; அதன் பயண எல்லை பெரும்பாலும் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களின் எல்லை. ஸ்பெஷல் நாடக நடிகரின் எல்லையை வகுத்ததில் இருப்புப்பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. எழும்பூரிலிருந்து திண்டிவனம், முண்டியம்பாக்கம், விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் பாதை தனுஷ்கோடிவரை நீண்டது. 1914 முதல் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இணைப்பும் கிடைத்தது. மதுரை மேடையும் கொழும்பு மேடையும் ஒரே தொழிற்களத்தின் பகுதிகளாயின. முண்டியம்பாக்கம் போன்ற சிறு நிலையங்களும் அத்தொழிற்களத்தை இணைத்த பாதையில் இருந்தவையே.

சுந்தராம்பாளின் தொடக்கம் பற்றிய வழக்காறும் இருப்புப்பாதையோடு பிணைந்தது. ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியைத் தென்னிந்திய ரயில்வே அலுவலரும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேச ஐயர் கண்டறிந்தார் என ஒரு வழக்காறு கூறுகிறது. காவல்துறை அதிகாரி ஒருவரின் வழியாக வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்தார் என மற்றொன்று கூறுகிறது. இவற்றுள் எது உண்மை என்பதைக் காட்டிலும், இரண்டுமே அவரைப் பிறரால் கண்டெடுக்கப்பட்டவராகக் காட்டுவது கவனத்திற்குரியது.

ஒலிபெருக்கியற்ற குரல்

கிட்டப்பா குறித்த நினைவுரைகளில் திரும்பத் திரும்ப வரும் கூறு, ஒலிபெருக்கி இல்லாமலே கொட்டகையின் கடைசி வரிசைக்கும் அதற்கு அப்பாலும் எட்டிய குரல். எட்டிய தொலைவு சொல்பவருக்கேற்ப மாறும். கூற்றின் அமைப்பு மாறுவதில்லை. இதனை மிகை எனத் தள்ளிவிடலாகாது. அக்காலத்து 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். விடியும்வரை நீளும் நாடகத்தில் ஒரு பாடலை ரசிகர் விருப்பத்திற்கேற்ப விரித்துப் பாடுவது வழக்கம். இசைத்தட்டு அவ்விரிவை இழந்தது. குரல் வெளியை நிரப்பிய விதத்தையும் இழந்தது. தட்டில் கிட்டாத அவ்விரண்டையுமே ரசிகர் நினைவு தன் பொருளாக்கிக் கொண்டது. இவ்வகையில் நினைவு இசைத்தட்டின் குறையை நிரப்பும் துணைச்சான்றாகிறது.

எனினும் குரலை மட்டும் போற்றும் நினைவு, அதனைத் தாங்கிய கூட்டுழைப்பைக் கைவிடுகிறது. ஆர்மோனியக் கலைஞர் பின்பாட்டுப் பாடி நடிகருக்கு மூச்சுவிட இடம் தந்தார், சுருதியைக் காத்தார், காட்சியின் வேகத்தை நெறிப்படுத்தினார். காதர் பாட்சா போன்ற ஆர்மோனியக் கலைஞர்கள் அக்காலத்தில் தாமே ரசிகர்களை ஈர்த்தவர்கள். நாயக நடிகரை மையமாகக் கொண்ட நினைவுரைகளில் அவர்கள் ஓரத்திற்குச் சென்றுவிடுகின்றனர்.

தர்க்கமும் முதற்சந்திப்பும்

1926இல் இலங்கையில் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தனர். 1927இல் மணம் புரிந்தனர். முதற்சந்திப்பு குறித்த வழக்காறு பின்வருமாறு அமைகிறது: சுந்தராம்பாள் அங்கு முன்னரே பெயர் பெற்றிருந்தார்; அவருக்கு எதிரில் நின்று பாடுதல் அரிது எனக் கிட்டப்பா எச்சரிக்கப்பட்டார்; அவர் துணிந்து மேடையேறினார்; போட்டி இசைவாக மாறிற்று; இசைவு மணமாயிற்று.

இது வள்ளி திருமணத்தின் கதையமைப்பு. தினைப்புனம் வள்ளியின் காவலில் உள்ள நிலம். அயலிலிருந்து வரும் முருகன் அங்கு அவளோடு சொல்லாடுகிறான். நாடகத்தில் ரசிகர்கள் பெரிதும் எதிர்பார்த்த பகுதி தர்க்கமே. ஒத்திகையற்ற அந்தச் சொற்போரில் எந்த நடிகர் மடக்குவார், எவர் மடங்குவார் என்பது முன்கூட்டித் தெரியாது. முடிவில் தர்க்கம் மணத்தில் அடங்குகிறது. கிட்டப்பா முன்னரே மணமானவர் என்பதும், தெய்வயானை இருக்க வள்ளியை மணந்த முருகனின் கதைக்குள் இடறலின்றிப் பொருந்திவிடுகிறது. சமூகம் வினாவெழுப்பக்கூடிய ஓர் உறவுக்கு, ரசிகர் நன்கறிந்த கதையே ஏற்பு வழங்கியது எனலாம்.

இவ்வடிவம் ஓர் உண்மையைக் காக்கிறது, மற்றொன்றை இழக்கிறது. இலங்கை மேடை சுந்தராம்பாளின் களம், கிட்டப்பா அங்கு வந்து சேர்ந்தவர் என்னும் உண்மை தினைப்புன அமைப்பினால் காக்கப்படுகிறது. ஆனால் வள்ளியின் கதை மணத்தோடு முடிவது. ஆகவே மணத்திற்குப் பின்னும் தொடர்ந்த தொழில்வாழ்வும் மனவேறுபாடும் பிரிவும் நினைவில் இடம்பெறத் தடுமாறுகின்றன. அச்சில் வெளிவந்துள்ள அவர்களது கடிதங்கள் இவ்விடத்தில் முக்கியமாகின்றன. நாடக வடிவிற்கு அடங்காத மனக்குறைகளைத் தாங்கியிருப்பதே அவற்றின் சான்று மதிப்பு.

வெண்ணுடையும் ஔவையும்

கிட்டப்பா 1933 டிசம்பர் 2இல், தம் 27ஆம் வயதில் மறைந்தார். 1908இல் பிறந்த சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அவர் வெண்ணிற ஆடை பூண்டு, மேடையிலிருந்து விலகினார். இதன்பின் நினைவு மற்றொரு கதையை நாடுகிறது. இளமையைத் துறந்து முதுமையை வேண்டிப் பெற்று, இறைவனைப் பாடித் திரிந்த ஔவையின் கதை அது. ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ (1953) படமும் ‘திருவிளையாடல்’ (1965) படமும் அவரை அவ்வேடத்திலேயே காட்டின. பின்னதில் அவர் முருகனை நோக்கிப் பாடுகிறார். வள்ளியாக முருகனோடு தர்க்கமிட்ட குரல், ஔவையாக முருகனைத் தேற்றும் குரலாகிறது. ரசிகர் நினைவின் இரு வடிவங்களும் இங்கு ஒன்றையொன்று தொடுகின்றன.

இவ்விரு வடிவங்களுக்கும் இடையில் அடங்காத நிகழ்வு ஒன்று உண்டு. 1935இல் ‘நந்தனார்’ படத்தில் சுந்தராம்பாள் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். நடிக்க விருப்பமின்றித் தயாரிப்பாளரைத் தவிர்க்கவே அத்தொகையைக் கேட்டார் என ஒரு வழக்காறு விளக்குகிறது. பேரம் பேசிய கலைஞரைத் துறவு பூண்டவராகவே காக்க விரும்பும் முயற்சி இவ்விளக்கத்தில் தெரிகிறது. தன் குரலின் சந்தை மதிப்பை அறிந்த, பல ஆண்டு ஒப்பந்த அனுபவம் உடைய நடிகை கேட்ட தொகை அது என்னும் வாசிப்புக்கும் சம இடம் உண்டு. பின்னர் காங்கிரஸ் மேடைகளில் பாடியதும், சட்ட மேலவை உறுப்பினரானதும் அத்தொழில்முறை ஆளுமையின் தொடர்ச்சியே.

நினைவைப் படிக்கும் முறை

மேலைநாட்டு ராக் இசைக்குழுக்களின் பயணங்களையும் ரசிகர்கள் இவ்வாறே நினைவுகூர்கின்றனர். ஆனால் சான்றுநிலை வேறு. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு, ரசிகர்கள் கச்சேரிகளைப் பதிவு செய்ய இசைந்தது. 1977 மே 8இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அது நிகழ்த்திய கச்சேரியின் பதிவு 2011இல் அந்நாட்டின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு நினைவைப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். கொழும்பு மேடைக்கு அத்தகைய ஒப்பீட்டுக் கருவி இல்லை.

ஆகவே ஒப்பிடுதல் வேறு வழிகளில் நிகழவேண்டும். முதலாவதாக, நினைவுரை எந்த நாடகத்தின் கதைப்போக்கைப் பின்பற்றுகிறது எனக் கண்டறிதல். இரண்டாவதாக, அப்போக்கில் அடங்காத விவரங்களைத் தனியே திரட்டுதல். மூன்றாவதாக, அவற்றைக் கடிதம், இசைத்தட்டு, நடிகர் தன்வரலாறு ஆகியவற்றோடு பொருத்துதல். தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ இதற்குத் துணைபுரியும். அது ஊர் மாற்றங்களையும் வசூலின் ஏற்றத்தாழ்வையும் நடிகர் விலகல்களையும் தொழிலாளியின் பார்வையில் பதிவு செய்கிறது. ரசிகர் நினைவு விட்டுச்செல்வன இவையே.

முடிவுரை

கிட்டப்பா – சுந்தராம்பாள் பயணங்களைப் பற்றிய ரசிகர் நினைவு, இசைத்தட்டு காக்கத் தவறிய குரலின் வீச்சையும் இரவின் நீட்சியையும் காத்துள்ளது. அதே வேளையில், நடிகர் ஏற்ற வேடங்களின் கதையை நடிகர் வாழ்வின்மேல் ஏற்றியுள்ளது. இந்த ஏற்றத்தின் சுமை இருவர்மேலும் சமமாக விழவில்லை. கிட்டப்பா பாடகராகவே நினைவில் நிற்கிறார்; சுந்தராம்பாளோ காதலியாகவும் கைம்பெண்ணாகவும் பக்தையாகவும் நின்றபின்னரே பாடகராகிறார். கடல் கடந்து, தன் பெயரால் கொட்டகையை நிரப்பிய கலைஞரின் வரலாற்றை எழுத, வள்ளிக்கும் ஔவைக்கும் இடையில் விடுபட்ட நந்தனாரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.