சொற்பட்டியலும் ஆவணமும்: முத்துக்குளித்துறை வழக்கை முன்வைத்து

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, வட்டார வழக்கு, மொழி ஆவணப்படுத்தல், ஹென்றீக்கஸ், ஹார்னல், ஜோ டி குரூஸ்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு இறுதியாக நடைபெற்றது 1961ஆம் ஆண்டில். அவ்வாண்டு இருபது வயதில் நீரில் இறங்கிய ஒருவர் இன்று எண்பதைக் கடந்தவர். குளித்தல் என்னும் சொல் உள்நாட்டில் நீராடுவதையும் இக்கரையில் மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்குவதையும் குறிக்கும் என்பதை அகராதியில் காணலாம். தோணியில் நிற்பவர் கயிற்றின் அசைவை எவ்வாறு உணர்ந்தார், கரை சேர்ந்தபின் அன்றைய தொழிலை எச்சொற்களால் பேசினர் என்பவற்றை அறிய அத்தலைமுறையின் நினைவையே பெரிதும் நாட வேண்டியுள்ளது. சொல் எஞ்சியிருக்க, அது பயின்ற சூழல் மறைந்துவிட்ட நிலை இது.

அழிநிலை மொழிகள் குறித்த உலகளாவிய அளவுகோல்களில் இந்நிலைக்கு இடமில்லை. யுனெஸ்கோவின் வல்லுநர் குழு 2003இல் வகுத்த ஒன்பது காரணிகள் தலைமுறைக் கடத்தல், பேசுநர் தொகை முதலியவற்றைக் கொண்டு ஒரு மொழியின் உயிர்ப்பை மதிப்பிடுகின்றன. அவ்வளவுகோலின்படி தமிழ் பாதுகாப்பான மொழியே. பாதுகாப்பான மொழியொன்றினுள் ஒரு தொழிலோடு சேர்ந்து மறையும் வழக்கு எந்தக் கணக்கிலும் சேராது. அதனைப் பதிவு செய்யும் பொறுப்பு வட்டார வழக்காய்வுக்கு உரியது. அவ்வாய்வோ பெரும்பாலும் புதினங்களிலிருந்து சொற்களைத் தொகுத்து அகரநிரலாக்கிப் பொருள் தருவதோடு நின்றுவிடுகிறது.

இக்கரையின் பேச்சைக் கேட்டு எழுதும் மரபு பழமையானது. 1540களின் பிற்பகுதியில் இங்கு வந்த ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் அடிகளார் போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். கையெழுத்துப்படியாகவே லிஸ்பனில் கிடந்த அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் உழைப்பால் 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது. புலவர் மரபு இழிசனர் வழக்கென ஒதுக்கியிருக்கக்கூடிய பேச்சு வடிவங்கள் அவ்விலக்கணத்தில் இடம்பெற்றன. பரதவரின் பாவமன்னிப்பைக் கேட்க வேண்டிய ஒருவருக்கு அவர்கள் உண்மையில் எவ்வாறு பேசினர் என்பதே தேவைப்பட்டது. அவர் காதுகொடுத்துக் கேட்டமைக்குச் சமயமே காரணம். அதனால் அவர் கேட்டது பொய்யாகிவிடாது. ஆனால் எதற்காகக் கேட்டார் என்பதை மறந்து அந்நூலைப் படிக்கவும் இயலாது.

ஜேம்ஸ் ஹார்னலின் சங்கு (1914), முத்து (1922) பற்றிய நூல்கள் மற்றொரு தேவையிலிருந்து பிறந்தவை. அரசின் மீன்வளத்துறை அலுவலர் என்ற முறையில் கடல்படு பொருளின் வருவாயும் வளர்ச்சியுமே அவர்தம் முதற்கவலை. கலம், கருவி, தொழில்முறை பற்றி அவர் தரும் செய்திகள் இன்றும் பயனுடையன. உரோமன் எழுத்தில் சிறைப்பட்ட பெயர்களோ இடர் தருகின்றன. ஆங்கில அறிக்கைகளில் வரும் முத்துப்பார் ஒன்றின் பெயரைத் தமிழில் எழுதும்போது லகரத்தால் ‘தோலாயிரம்’ என்பதா, எண்ணைக் குறிக்கும் ‘தொளாயிரம்’ என்பதா என்ற ஐயம் எழுகிறது. அறிந்தோர் ஒருவரின் ஒலிப்பதிவு இருப்பின் இவ்வையம் எழாது.

ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு (2004), சாகித்திய அகாதெமி விருது பெற்ற கொற்கை (2009) ஆகிய புதினங்கள் மேற்கண்ட இரண்டும் தராத ஒன்றைத் தருகின்றன. சண்டையிலும் சாவிலும் தொழில் நடுவிலும் இம்மக்கள் பேசும் முறை அவற்றில் உயிரோடு உள்ளது. ஆயினும் புதினத்தின் பேச்சு ஆசிரியர் தேர்ந்து அமைத்த பேச்சு. அவர் பிறந்த உவரி, கட்டுமரம் செலுத்திய கரையைச் சார்ந்தது. வள்ளமும் தோணியும் ஓடிய தூத்துக்குடியின் தொழில்மொழி அதனோடு முற்றும் ஒத்ததாகக் கொள்ள இயலாது. முதற்புதினத்தின் களமான ஆமந்துறையோ கற்பனை ஊர். இவ்விரு நூல்களின் சொற்களையும் ஒன்றாக்கி ‘தூத்துக்குடி வழக்கு’ என்று தலைப்பிட்டால், அது ஒரு படைப்பாளியின் சொல்வளத்திற்கான பட்டியலாகவே அமையும். இக்குறை ஆய்வாளரைச் சார்ந்ததேயன்றிப் புதினத்தைச் சார்ந்ததன்று.

காற்றுப் பெயர்கள் இதற்குத் தக்க சான்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கச்சான் என்பதற்கு மேல்காற்று எனவும் சோழகம் என்பதற்குத் தென்காற்று எனவும் பொருள் தருகிறது. பாய்மரத்தில் சென்றவருக்கு அச்சொல் திசையோடு நிற்பதில்லை: புறப்படலாமா, எப்பக்கம் ஒதுங்குவது, எப்போது திரும்புவது என்ற முடிவுகள் அதனுள் அடங்கும். பொறி வந்தபின் பெயர் நிலைக்கலாம். அது கொண்டிருந்த முடிவுகளின் எடை குறைந்துவிடுகிறது. வலை இழுக்கையில் பாடிய அம்பாப் பாட்டும் அத்தகையதே. மேடையில் பாடச்செய்து பதிந்தால் பாடல் கிடைக்கும். இழுப்பின் தாளத்திற்கேற்ப அது நீண்டும் குறுகியும் வந்த முறை கிடைக்காது.

ஹிம்மல்மன் 1998இல் மொழி ஆவணப்படுத்தலை மொழி விளக்கத்திலிருந்து பிரித்துக் காட்டினார். சமூகத்தின் மொழிச் செயல்களைப் பிற துறையினரும் பிற்காலத்தினரும் பயன்கொள்ளுமாறு பதிவதே அவர் கருதிய ஆவணம். அந்நோக்கில், பேசுபவரின் ஊர், அகவை, தொழில், கேட்டவர் யார், எச்சூழலில் பேசினார் என்பவை இல்லாத சொல் முழு ஆவணமாகாது. அவர் இசைவு பெறாத பதிவு அறத்திற்கும் ஒவ்வாது. பதிவின் படி ஒன்று அவ்வூரில் இருத்தல் வேண்டும்.

தூத்துக்குடியில் சங்குக்குளிப்பு இன்றும் தொடர்கிறது. காற்றுக்குழாயை வாயில் கவ்வி இறங்கும் இளம் குளியாளியையும் மூச்சடக்கி இறங்கிய முதியவரையும் ஒருசேர அமர்த்திப் பேசவிட்டுப் பதியலாம். முதியவர் சொல்லும் சொல்லை இளையவர் மறுக்கும் இடங்களும், வேறு சொல் தரும் இடங்களும், புரியாமல் திரும்பக் கேட்கும் இடங்களும் வெட்டப்படாமல் அப்பதிவில் இருத்தல் வேண்டும்.