முழங்கால் கதவுக் கீல் இல்லை

மனித எலும்புக்கூட்டைப் பற்றிய எந்தப் பள்ளிப் பாடத்திலும் மூட்டு வகைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். என்சிஇஆர்டியின் 11ஆம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் அது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. தோள் பந்துக்கிண்ண மூட்டு. முழங்கால் கீல் மூட்டு. கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே முளை மூட்டு. மணிக்கட்டின் சிறு எலும்புகளுக்கு நடுவே வழுக்கு மூட்டு. கட்டைவிரலின் அடியில் சேண மூட்டு. வகைக்கு ஓர் உதாரணம், அவ்வளவுதான். நீட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்.

மற்ற நான்கு உதாரணங்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. முழங்கால்தான் உறுத்துகிறது.

கதவுக் கீல் என்றால் என்ன? நடுவில் ஒரே அச்சு. அந்த அச்சு நகராது. கதவு அதைச் சுற்றித் திறக்கும், மூடும், வேறு எந்தப் பக்கமும் போகாது. முழங்கால் இப்படி இயங்குகிறதா என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். முழங்காலைச் செங்கோணமாக மடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள். முட்டிச்சில்லுக்குக் கொஞ்சம் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு இருக்கும். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு பாதத்தை உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பாருங்கள். அந்தப் புடைப்பு விரலுக்கடியில் நகரும். தொடை அசையாமல் இருக்க, கீழ்க்கால் எலும்பு திரும்புகிறது. இப்போது காலை நேராக நீட்டிவிட்டு அதையே செய்யுங்கள். முட்டிச்சில்லும் சேர்ந்து திரும்பும், ஏனென்றால் இந்தத் திருப்பம் இடுப்பிலிருந்து வருகிறது. அதாவது மடங்கியிருக்கும்போது முழங்காலால் திருகமுடியும், முழுக்க நீட்டினால் அந்தத் திருகல் பூட்டிக்கொள்கிறது. எந்தக் கதவுக் கீலும் இதைச் செய்வதில்லை.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு குமிழ்கள், கீழ்க்கால் எலும்பின் தலையில் கிட்டத்தட்டத் தட்டையான இரண்டு மேடைகள். குமிழின் வளைபரப்பு மேடையைவிட நீளமானது. சக்கரம் மாதிரி வெறுமனே உருண்டுகொண்டே போனால் மேடையின் பின்விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். அதனால் உருளவும் செய்கிறது, சறுக்கவும் செய்கிறது. இரண்டு குமிழ்களும் ஒரே அளவு நகர்வதும் இல்லை. மடக்கும்போது உட்பக்கக் குமிழ் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல, வெளிப்பக்கக் குமிழ் பின்னால் போகிறது. அப்படியானால் மடங்குவதும் திருகுவதும் தனித்தனி வேலைகள் இல்லை, ஒரே அசைவின் இரண்டு முகங்கள். காலை நீட்டி முடிக்கும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு சற்று வெளிப்பக்கம் திருகி உட்கார்ந்துகொள்கிறது. நேராக நிற்கும்போது தொடைத் தசைகள் அதிகம் உழைக்காமல் இருக்க இது உதவுகிறது. மறுபடி மடக்கத் தொடங்கும்போது முழங்காலின் பின்புறம் உள்ள பாப்லிட்டியஸ் என்ற சின்னத் தசை அந்தப் பூட்டைத் திறக்கிறது.

இதெல்லாம் நேற்று கண்டுபிடித்த விஷயம் என்றால் பாடப்புத்தகத்தை மன்னித்துவிடலாம். ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் வில்ஹெல்மும் எடுவார்டும் மனிதன் நடக்கும் விதம் பற்றி 1836இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். முழங்கால் உருண்டும் சறுக்கியும் இயங்குவதை அப்போதே விவரித்துவிட்டார்கள். அந்த வில்ஹெல்ம்தான் காந்தப் பாயத்தின் அலகான வெபருக்குப் பெயர் தந்த இயற்பியலாளர். என்சிஇஆர்டி இயற்பியல் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. அவர் முழங்காலில் பார்த்தது பக்கத்து உயிரியல் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை.

சரி, பள்ளிப் பாடத்தில் ஒரு சொல் முன்னேபின்னே இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்? முழங்காலை உண்மையிலேயே கீலாகச் செய்து பார்த்த கதை ஒன்று இருக்கிறது. ஸ்வீடனின் போர்யே வால்டியஸ் 1950களின் தொடக்கத்தில் கீல் வடிவச் செயற்கை முழங்காலைப் பொருத்தத் தொடங்கினார். அவர் பாடப்புத்தகத்தைப் பார்த்து ஏமாந்தார் என்று சொல்ல வரவில்லை. சிதைந்துபோன மூட்டுக்கு முதலில் உறுதி வேண்டும், அதைக் கீல் தந்தது. ஆனால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் காலில் ஒரு திருகுவிசை வருகிறது. இயற்கை மூட்டில் அதைத் தசைநார்களும் குருத்தெலும்பும் வாங்கிக்கொள்ளும். ஒற்றை அச்சுக் கீலுக்குத் திரும்பத் தெரியாது, அதனால் விசை முழுவதும் உலோகமும் எலும்பும் சேரும் இடத்தில் போய் இடிக்கும். இத்தகைய கீல்கள் நாளடைவில் தளர்ந்தன.

மாற்று வழி, அச்சையே எடுத்துவிடுவதில் கிடைத்தது. கனடாக்காரரான ஃபிராங்க் கன்ஸ்டன் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் உருவாக்கி 1971இல் வெளியிட்ட வடிவமைப்பில், மேலே உலோக வளைவுகள், கீழே பாலிஎத்திலீன் தடங்கள், இரண்டையும் இணைக்க எதுவும் கிடையாது. பிடித்துவைப்பது நோயாளியின் சொந்தத் தசைநார்கள்தான். 1974இல் நியூயார்க்கில் வந்த டோட்டல் காண்டைலர் மூட்டிலும் கீல் இல்லை. இன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பொருத்தப்படும் மூட்டுகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. கீல் முழுக்கப் போய்விடவில்லை, மறு அறுவை சிகிச்சை போன்ற சிக்கலான நிலைமைகளில் இன்னும் உதவுகிறது. ஆனால் அங்கேயும் இப்போது அதிகம் பயன்படுவது சுழலவும் இடம் தரும் கீல்.

எளிமைப்படுத்தாமல் பாடம் நடத்தமுடியாது, ஒப்புக்கொள்கிறேன். மென்பொருளில் நாங்கள் பிழைப்பதே எளிமைப்படுத்திய மாதிரிகளை வைத்துத்தான். மாதிரி எதை விட்டுவிட்டது என்பது முக்கியம். முழங்காலில் விட்டுப்போனது திருகல். கபடி ஆடுகிறவரின் பாதம் தரையில் பதிந்து நிற்க, உடம்பு மட்டும் சட்டென்று திரும்பும்போது உள்ளே இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிகிறதே, அந்தக் காயத்தைக் கீல் மாதிரியை வைத்துக்கொண்டு புரிந்துகொள்ளவே முடியாது. திருகாத மூட்டில் திருகலைக் கட்டுப்படுத்த எதற்குத் தசைநார் என்று ஒரு மாணவி கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்?

தமிழில் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. கீல்வாதம் என்னும்போது கீல் என்றால் உடம்பின் எந்த மூட்டும்தான். கீல் மூட்டு என்னும்போது அது கதவுக் கீல். முழங்கால் முதல் அர்த்தத்தில் கீல், இரண்டாவது அர்த்தத்தில் அரைகுறைக் கீல்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. கீல் மூட்டுக்கு முழங்கையை உதாரணமாகப் போடலாம். மேற்கை எலும்பின் நூற்கண்டு போன்ற முனையை அல்னா எலும்பு கவ்விக்கொண்டு மடங்கும் இடம், கதவுக் கீலுக்கு நிஜமாகவே நெருக்கமானது. முழங்காலுக்குத் தனியாக ஒரே ஒரு வாக்கியம் போதும்: மடங்கும், மடங்கும்போது கொஞ்சம் திருகும். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது வசதிப்படாமல் போகலாம், ஆனால் பத்து நொடியில் நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ள முடியும்.