பொன் முகமூடியும் பசித்த வயிறுகளும்

சிரிப்புக்காகவே எடுக்கப்பட்ட ஒரு படத்தின்மேற் சினந்து எழுதுவது விமர்சகனுக்கு அழகன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும், 2006 ஆம் ஆண்டில் ஹொலிவூட்டிலிருந்து வெளிவந்த 'நாச்சோ லிப்ரே' என்னும் படத்தைப் பற்றி வாய்மூடி இருக்க எமக்கு மனம் வரவில்லை. ஜாக் பிளாக் என்னும் நகைச்சுவை நடிகர் தமது தொந்தியைக் குலுக்கிக்கொண்டு மற்களத்திலே குட்டிக்கரணம் போடுகிறார். மடாலயமொன்றின் சமையற்காரரான அவர், அங்குள்ள அநாதைப் பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியாக ஏதேனும் கொடுக்க விரும்பியும், தமக்கும் ஒரு புகழ் கிட்டவேண்டுமென்ற ஆசையாலும், முகமூடி அணிந்து இரவில் மற்போர் புரிகிறார் என்பது கதை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நாமும் இரண்டோரிடங்களில் சிரித்தோம். ஆனால் இக்கதைக்கு மூலமாய் அமைந்த ஒரு மனிதர் மெக்சிக்கோ நாட்டில் உண்மையாகவே முகமூடி அணிந்து அடிபட்டிருக்கிறார் என்ற நினைவு வந்ததும், அந்தச் சிரிப்புத் தொண்டையில் முள்ளாக நின்றது.

அவர் பெயர் சேர்ஜியோ குத்தியேரெஸ் பெனித்தெஸ். மற்போர் உலகம் அவரை 'பிராய் தோர்மென்தா', அதாவது 'புயல் துறவி' என்று அறியும். 1945 இல் இதால்கோ மாநிலத்தில், பிள்ளைகள் மலிந்த ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலே போதைப்பொருளுக்கு அடிமையாகித் தெருவில் அலைந்தவர். அதிலிருந்து மீண்டு கத்தோலிக்க குருவானார். தாம் அலைந்த அதே தெருக்களில் அலைந்த பிள்ளைகளை ஒன்று சேர்த்து, மெக்சிக்கோ நகரத்துக்குக் கிழக்கேயுள்ள தெஸ்கோகோவில் ஓர் இல்லத்தை நடத்தினார். பிள்ளைகள் வந்தார்கள், பணம் வரவில்லை. 1970 களின் நடுப்பகுதியில் அவர் பொன்னும் சிவப்புமான முகமூடியொன்றை அணிந்து களத்தில் இறங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கழற்றவில்லை.

இங்கே விமர்சகன் சற்று நின்று கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. மற்போர் செய்து அநாதைகளைக் காப்பாற்றும் ஒரு குருவின் கதையை, 1960 களின் முற்பகுதியில் 'எல் செஞோர் தோர்மென்தா' என்ற மெக்சிக்கத் திரைப்படம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. குத்தியேரெசுக்கு இந்த எண்ணத்தைத் தந்ததே அந்தப் படந்தான். கலை வாழ்க்கையைப் பிரதிபலிக்கிறது என்று நாம் ஓயாமல் எழுதிவருகிறோம். மலிவான பொழுதுபோக்குப் படம் ஒன்றை ஓர் ஏழைக் குரு சொல்லுக்குச் சொல் உண்மையென எடுத்துக்கொண்டு, தம் உடம்பால் அதைப் பிரதிபலித்தார் என்பதை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது? பிறகு அவர் வாழ்க்கையைப் பார்த்துச் சினிமா மறுபடியும் படமெடுத்தது. 1991 இல் ஜோன் ரெனோ நடித்த பிரெஞ்சுப் படம் ஒன்று. பதினைந்து ஆண்டுகளின் பின் நாம் மேலே சொன்ன கேலிப்படம்.

மெக்சிக்க மற்போரை அறியாதவர்களுக்கு முகமூடியின் பொருள் விளங்காது. 1933 இல் சல்வதோர் லுத்தெரோத் என்பவர் இதனை ஒரு வியாபார நிறுவனமாக்கினார். முகமூடிகளை முதலில் தைத்துக் கொடுத்தவர் அந்தோனியோ மார்த்தினெஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளி. தோலும் ஊசியும் அறிந்த அந்தக் கைகளுக்கு, காலணிக்குப் பதிலாக முகத்துக்கு அளவெடுப்பது புதிய வேலையாயிற்று. 1942 இல் வெள்ளி முகமூடியுடன் தோன்றிய 'எல் சாந்தோ' ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்து, 1984 இல் இறந்தபோது முகமூடியுடனேயே புதைக்கப்பட்டார். முகமூடியைப் பந்தயம் வைத்துப் பொருதித் தோற்றவன், சபையோர் முன்னிலையில் அதைக் கழற்றித் தன் சொந்தப் பெயரையும் ஊரையும் சொல்லவேண்டும் என்பது வழக்கம். பெயரற்றவர்களின் கூட்டம் நிறைந்த அரங்கில், பெயரைச் சொல்ல நேர்வதே தண்டனையாகிறது.

அங்கே மல்லர்கள் இரு வகையினர். விதிப்படி பொருதுபவன் ஒருவன். விதியை மீறுபவன் மற்றவன். மீறுபவன் கண்ணைக் குத்தும்போது நடுவர் பெரும்பாலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். மலிவுச் சீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு இக்காட்சியை எவரும் விளக்கவேண்டியதில்லை. பாரிஸ் மற்போரைப் பற்றி 1957 இல் நூலாக வந்த கட்டுரையொன்றில் ரோலான் பார்த் இதனை விளையாட்டு என்று கொள்ளாமல், துன்பமும் நீதியும் கண்முன் நிகழும் நாடகமாகக் கொண்டார். கூர்மையான கட்டுரை, நாம் மறுக்கவில்லை. ஆனால் அது ஆசனத்திலிருந்து பார்த்தவரின் கட்டுரை. விழுந்த உடம்பின் மறுநாட் காலைக்கு அதில் இடமில்லை. முடிவு முன்கூட்டியே பேசப்பட்டதாயிருக்கலாம். பலகையில் முதுகு மோதுவது பேசிவைத்ததால் நோகாமற் போவதில்லை.

ஆகையினாலேதான் இத்தொழிலின் பயிற்சி விழுவதிலிருந்து தொடங்குகிறது. அடிப்பது பின்னர். நாடியை மார்போடு ஒட்டி, தலையைக் காத்து, முதுகின் அகலமும் கைகளும் ஒரே கணத்தில் நிலத்தைத் தொடும்படி விழவேண்டும். நூறு தடவை விழுந்து நூறு தடவை எழவேண்டும். பிறகே பிடிகளும் அவற்றை அவிழ்க்கும் வழிகளும். புயல் துறவி தம் இல்லத்துப் பிள்ளைகளிற் சிலருக்கு இதனையும் கற்பித்தார். சிலர் மல்லர்களானார்கள். வேறு சிலர் வைத்தியர்களாகவும் ஆசிரியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் ஆனார்கள்.

அவர் யாரென்பது நெடுங்காலம் மறைந்திருக்கவில்லை. 'உராக்கான் ராமிரெஸ்' என்ற புகழ்பெற்ற மல்லர், பூசை செய்துகொண்டிருந்த குருவை அடையாளங் கண்டு வெளியே சொல்லிவிட்டார். ஆயர் அழைத்துக் கண்டித்தபோது, அப்படியானால் பிள்ளைகளின் செலவைத் திருச்சபை ஏற்குமா என்று தாம் கேட்டதாகவும், அதன்பின் தடை எழவில்லையென்றும் குருவே சொல்லியிருக்கிறார். ஹொலிவூட் படத்தில் இந்தக் கேள்வி இல்லை. போதையில் வீணான இளமையும் அதில் இல்லை. அங்கே ஒரே ஒரு பெரிய வெற்றி. அதன் பரிசுப் பணத்தில் ஒரு பேருந்து. பிள்ளைகள் உல்லாசப் பயணம் போகிறார்கள். எந்த வெற்றியும் தீர்த்துவைக்காத பசிக்காக, ஓர் இரவுக்குப் பின் இன்னோர் இரவாக உடம்பை விற்ற உண்மை மனிதரை அந்தப் பேருந்தில் ஏற்ற இடமில்லை.

வியாபாரம் இதனோடும் நின்றுவிடவில்லை. 2004 இல் தோன்றிப் பெரும் வசூலைக் குவித்த 'மிஸ்திக்கோ' என்னும் மல்லரை, புயல் துறவி எடுத்து வளர்த்த அநாதை என்று விளம்பரப்படுத்தினார்கள். உண்மையில் அவர் மல்லர் குடும்பத்துப் பிள்ளை, தந்தையும் மல்லர். அநாதைத்தனமே சீட்டு விற்கும் சரக்காயிற்று.

இனி எமது தரப்பினர் கேட்கும் கேள்விக்கு வருவோம். தரும சிந்தை சமுதாயத்தை மாற்றுமா? 1985 செப்டெம்பர் 19 இல் மெக்சிக்கோ நகரை நிலநடுக்கம் உலுக்கியது. பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள் வீடிழந்தன. 1987 இல் சிவப்பும் மஞ்சளுமான உடையில் 'சூப்பர்பாரியோ' என்ற முகமூடி மனிதர் தோன்றினார். அவர் பொருதியது வாடகைக் குடியிருப்போரை வெளியேற்ற வந்தவர்களோடு. சேரி மக்களின் சங்கத்துக்காக ஊர்வலங்களில் முன்னே நடந்தார். அதிகாரிகளின் மேசைக்கு எதிரே முகமூடியுடனேயே அமர்ந்து பேசினார்.

இவ்விருவரில் ஒருவரைத் தூக்கி மற்றவரைத் தாழ்த்துவது எளிது. அவ்வாறு செய்ய நாம் விரும்பவில்லை. இன்றிரவு பசித்திருக்கும் குழந்தையிடம் சட்டம் திருந்தும்வரை பொறு என்று எவரும் சொல்ல இயலாது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தலும் நேர்மையாகாது. சூப்பர்பாரியோவின் எதிரி யாரென்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவன் வீட்டுச் சொந்தக்காரன். புயல் துறவியின் எதிரே களத்தில் நின்றவனோ, தானும் வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அன்றைய கூலிக்காக முகமூடி கட்டிவந்த இன்னொரு மல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அடித்ததும் அடிவாங்கியதும் அவனிடந்தான்.